காலை 4 மணி 12 நிமிடம்

2022 நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் பிரான்சுக்குப் போனோம். மூன்று மாத விசா. மகள் வீடு பாரீசுக்கு வடக்கே, வால்-துவாஸ் பக்கம். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம்தான். முந்தைய தடவை போனபோது அவர்கள் அடுக்குமாடியில் இருந்தார்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலன், சுவரோரம் இரும்பு ரேடியேட்டர். யார் வீட்டில் எவ்வளவு சூடு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. இந்தத் தடவை தனி வீடு. பவியோன் என்பார்கள். சின்னத் தோட்டம், மேலே சாய்ந்த ஓட்டுக் கூரை, கூரைக்கும் அறைகளுக்கும் நடுவில் பரண்.

அந்த வருஷம் குளிர்காலத்தைப் பற்றி பிரான்சே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. உக்ரைன் சண்டையால் எரிவாயு விலை ஏறியிருந்தது. வீட்டுச் சூடு 19 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. நிதியமைச்சர் புரூனோ லெ மேர், இனிமேல் டை கட்டாமல் கழுத்தை மூடும் ஸ்வெட்டர் போடப்போவதாக ரேடியோவில் சொல்லி, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு என்று மகள் சொன்னாள். விமானத்தை விட்டு இறங்கும்போதே எனக்கு "19" என்ற எண் மனப்பாடம்.

புது வீட்டில் ரேடியேட்டர் கிடையாது. போம்ப் ஆ ஷலேர், இங்கிலீஷில் ஹீட் பம்ப். நம் வீட்டு ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. இது வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. வெளியே 2 டிகிரி குளிரில் அள்ளுவதற்கு என்ன சூடு இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் மாப்பிள்ளையைக் கேட்டேன். செப்புக் குழாயில் ஓடும் சரக்கு அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் போதும், 2 டிகிரியும் அதற்குச் சூடுதான் என்றார். அங்கே வாங்கிய சூட்டை கம்ப்ரசர் அழுத்தி, வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. கரண்டு செலவாவது சூட்டைச் சுமந்து வருகிற கூலிக்கு மட்டும். குளிர் அதிகமில்லாத நாளில் 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் சூடு கிடைக்கும். வெளியே உறையும் குளிர் வந்தால் அந்தக் கணக்கு இறங்கிவிடும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்து பிசிக் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டார். சாதி கார்னோ என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுவார். 1824-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதிவிட்டு, 1832-ல் 36 வயதில் காலராவில் போய்ச்சேர்ந்த மனிதர். சூடு தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் வரும், மேலே ஏற்ற வேண்டுமானால் உழைக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னபோது வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தோம். அறுபது வருஷம் கழித்து அது என் தலைக்கு மேலே பரணில் நடந்துகொண்டிருந்தது.

பரணில் இருந்தது ஒரு பெரிய தகரப் பெட்டி. ஏர் ஹாண்ட்லர் என்பது இதைத்தான். உள்ளே ஒரு விசிறி, தகடு தகடாக அடுக்கிய சூட்டுச் சுருள், முன்னால் ஃபில்டர், ஓரத்தில் எலக்ட்ரானிக் போர்டு. அதிலிருந்து அறைக்கு ஒன்றாகத் தடித்த வளையும் குழாய்கள், வெள்ளிப் பாம்புகள் மாதிரி, பரண் முழுக்கப் படுத்திருந்தன. ஒவ்வோர் அறையின் கூரையிலும் ஒரு சல்லடை. அதன் வழியாக வெதுவெதுப்பான காற்று இறங்கும். ஹாலில் மட்டும் பழைய காற்று திரும்பி மேலே போகிற பெரிய சல்லடை.

இதெல்லாம் போக, பெட்டிக்குள் ரெசிஸ்தான்ஸ் என்று ஒன்று. வேறொன்றுமில்லை, நாம் வாளியில் போடுகிற வாட்டர் ஹீட்டர் கம்பியின் அண்ணன். 3 கிலோவாட். பம்ப் தனியாகச் சமாளிக்க முடியாதபோது துணைக்கு வரும். ஆனால் இதற்குக் கார்னோ சலுகை கிடையாது. 1 யூனிட் கரண்டு கொடுத்தால் 1 யூனிட் சூடு, அவ்வளவுதான். மணிக்கு 3 யூனிட் விழுங்கும். என் கதையே இந்தக் கம்பியைப் பற்றியதுதான்.

போன மறுநாள் காலையில் என் மனைவி ஜன்னலிலிருந்து கத்தினாள், "என்னங்க, தோட்டத்துப் பெட்டி புகையுது!" ஓடிப் பார்த்தால் வெளியே இருந்த விசிறிப் பெட்டியிலிருந்து வெள்ளையாக ஆவி. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். ஈரக் குளிரில் அதன் சுருள்மேல் உறைபனி படிந்துவிடும். போர்டு அதைத் தெரிந்துகொண்டு சில நிமிடம் ஓட்டத்தைத் திருப்பிவிடும். வீட்டுச் சூட்டில் கொஞ்சம் வெளியே போய்ப் பனியை உருக்கும். அந்த ஆவிதான் இது. அந்த நேரத்தில் அறைக்குள் சில்லென்று காற்று வராதபடி உள் விசிறியையும் அது நிறுத்திவைக்கும்.

மாப்பிள்ளைக்கு அந்த மெஷின்மேல் பிள்ளைப் பாசம். போனில் எல்லாம் பார்ப்பார். ஹாலில் எவ்வளவு டிகிரி, வெளியே எவ்வளவு, பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது, எல்லாம். கம்பி ஓடிய நேரம் ஆரஞ்சு நிறத்தில் கட்டை கட்டையாகத் தெரியும். போதாததற்கு வாசலில் லின்கி என்ற பச்சை மீட்டர். பிரான்சில் 2015 கடைசியிலிருந்து சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டார்கள். நேற்று எத்தனை யூனிட் என்று இன்றைக்கே அது சொல்லிவிடும்.

டிசம்பர் முதல் வாரம் கழிந்து நல்ல குளிர் இறங்கியது. இரவில் மைனஸ் 4. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். நாங்கள் வருவதற்கு முன் நாளைக்கு 28 யூனிட், இப்போது 41. குளிர் கூடினால் கூடத்தான் செய்யும். ஆனால் ஆரஞ்சுக் கட்டை தினமும் விடியற்காலை நாலு மணிக்கு மேல் வந்து நின்றது. குளிர் குறைந்த நாளிலும் அதே நேரம். அந்த வேளையில் வீடே தூங்குகிறது. இரவு பத்து மணிக்கு மேல் 16 டிகிரி போதும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆறு மணிக்கு 19. அதற்கும் மெஷின் ஐந்து மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக, கம்பியைத் தொடாமல், பம்பை வைத்தே ஏற்றிவிடும். நாலு மணிக்குக் கம்பிக்கு என்ன வேலை?

"யாரும் அதைத் தொடறது இல்லையே, மாமா?" என்றார். நான் இல்லை என்றேன். என் மனைவி பேரனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

ஒரு டெக்னீஷியன் வந்தார். பரணில் ஏறி சென்சார்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். மிளகு அளவில் இருக்கும் பொருள் அது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அதை அளந்துதான் போர்டு டிகிரியைத் தெரிந்துகொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தன. சென்சார் சரி, பம்ப் சரி, ஆனாலும் கம்பி தன்பாட்டுக்கு ஓடுகிறது என்றால் போர்டு கெட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். மாற்ற 800 யூரோவுக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் ஆர்டர் போடுவதாகச் சொல்லிப் போனார். அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மெஷினைத் தெரிந்தவர்களுக்கு வீட்டுக்காரர்களைக் கேட்கத் தோன்றுவதில்லை.

எனக்குப் பகலெல்லாம் வேலை இல்லை. வெளியே போக முடியாத குளிர். மேஜை இழுப்பறையில் மெஷினின் புத்தகம் கிடந்தது, பிரெஞ்சில். பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு உத்தியோகத்தில் உதவியது முதல் சில வருஷம்தான், பழைய ஃபைல்களைப் புரட்டுவதற்கு. அதற்கப்புறம் தேவை குறைந்துபோனது. இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பத்தாம் பக்கத்தில் ஒரு சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "ரெஜிஸ்த்ர்." அறைக்குப் போகும் குழாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகட்டுக் கதவுக்கு அதுதான் பெயராம். வாழ்நாள் முழுக்க நான் சுமந்த ரெஜிஸ்தர் வேறு.

நானும் ஒரு ரெஜிஸ்தர் போட்டேன். பேரனின் பழைய நோட்டில் கோடு போட்டு, நேரம், வெளியே எவ்வளவு, ஹாலில் எவ்வளவு, எங்கள் அறையில் எவ்வளவு என்று நாலு பத்தி. எங்கள் அறைக்கு மகளிடம் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாளே தெரிந்தது. ஹாலில் 19 என்று சுவரில் இருக்கும்போது எங்கள் அறையில் 16, சில வேளை அதற்கும் கீழே. சுவரில் ஒட்டிய தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, அது ஹாலில். அடுப்பங்கரைச் சூடு, டி.வி., நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற மூச்சு, எல்லாம் சேர்ந்து அதற்குத் திருப்தி. வடக்கு மூலையில் எங்கள் அறை இருப்பதே அதற்குத் தெரியாது. இரவில் ஹால் 16-க்கு இறங்கும்போது எங்கள் அறையில் 13. நான் இரண்டு கம்பளியில் மரக்கட்டை மாதிரித் தூங்குகிற ஜாதி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் போனை வாங்கி, புத்தகத்தில் சொன்னபடி ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். கட்டைப் படங்களுக்குப் பின்னால், மூன்று கதவு தாண்டி, ஜூர்னால் என்று ஒரு பட்டியல். மெஷின் தன் கைப்பட எழுதுகிற நாட்குறிப்பு. பனி உருக்கியது, ஃபில்டர் மணிக்கணக்கு, இப்படி வரி வரியாக. நடுவில் தினமும் ஒரு வரி. "தெரோகாசியோன் மனுவேல், 24 டிகிரி." நேரம் 4.12. முந்தின நாள் 4.05. அதற்கு முந்தின நாள் 4.20.

தெரோகாசியோன் என்ற சொல் என் போன்ற குமாஸ்தாவுக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தில் இடமில்லாததற்குக் கொடுக்கிற விதிவிலக்கு. வயது வரம்பு தாண்டியவனுக்கு, கெடு தாண்டிய மனுவுக்கு. மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும். இங்கே மனுவேல் என்றால் கையால் செய்தது. போர்டு கெடவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு யாரோ போய் 16-ஐ 24 ஆக்கியிருக்கிறார்கள். எட்டு டிகிரி வித்தியாசத்தைப் பார்த்ததும் மெஷின் அலறிக்கொண்டு கம்பியைப் போட்டிருக்கிறது. இரண்டு டிகிரிக்கு மேல் பின்தங்கினால் கம்பியைக் கூப்பிடு என்பதுதான் அதற்குக் கொடுத்த உத்தரவு. ஆறு மணிக்கு நேர அட்டவணை தானாகவே 19-க்குத் திரும்பிவிடும். ஆறரைக்கு எழுகிறவர்களுக்குத் தடயமே இருக்காது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு நான் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தேன். நாலு மணி ஆவதற்குச் சற்று முன்னால் பக்கத்தில் கம்பளி விலகியது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் எழுந்து போனேன். ஹாலில் விளக்கு போடவில்லை. தெர்மோஸ்டாட்டின் சின்ன வெளிச்சம் மட்டும். சல்லடைக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மேலே கம்பி சுட்ட காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"வந்ததிலேர்ந்துதான்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க பொண்ணுகிட்ட சொல்வீங்க. அவ மாப்பிள்ளகிட்ட சொல்வா. மாப்பிள்ளை வீட்ல வந்து குளிருதுன்னு குறை சொல்லச் சொல்றீங்களா? அவங்க பத்தொன்பதுன்னு வெச்சிருக்காங்க. அந்தச் சின்னப் புள்ளகூட பத்தொன்பதுல பனியன் போட்டுக்கிட்டு ஓடுது."

நாற்பத்தாறு வருஷம் ஒரே அறையில் படுத்தவன். மூன்று வாரமாக அவள் எழுந்து போனது எனக்குத் தெரியவில்லை. பரணில் இருந்த தகரப் பெட்டி நாள் தவறாமல் எழுதி வைத்திருக்கிறது.

24 எதற்கு என்று கேட்டேன். பெரிய எண் போட்டால் சீக்கிரம் சூடாகும் என்று நினைத்தாளாம். அடுப்பில் தீயைக் கூட்டுவது மாதிரி. இந்தத் தப்பைப் படித்தவர்களும் செய்கிறார்கள். நம் ஊரில் ஏ.சி.யை 16-ல் போட்டால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்காத வீடு உண்டா? எவ்வளவில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது.

"போன்ல அதெல்லாம் தெரியுமா?" என்றாள் பயந்துபோய். தெரியும் என்றேன். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை என்றேன். "அப்ப நீங்க மட்டும்தான் பாத்தீங்க," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வாரக் குளிரைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது என்று நினைக்கிறேன். வீட்டில் மருமகன் பிள்ளை எல்லாரும் பார்க்கிற இடத்தில் தன் முழங்கால் வலி ஆரஞ்சுக் கலரில் நிற்பதை யார்தான் விரும்புவார்கள்?

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. 800 யூரோ. காலையில் மாப்பிள்ளை ரொட்டி வாங்கப் போகும்போது நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். பாதி வழியில் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "போர்டு கெடலப்பா, அத்தைக்கு முட்டி வலி," என்று மட்டும் வந்தது.

அவர் நடையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமோ என்று பயந்தேன். "பதின்மூணு டிகிரியா, மாமா? உங்க ரூம்லயா?" என்றார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பரணில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். எங்கள் அறைக்கான ரெஜிஸ்த்ர் முழுக்கத் திறந்துதான் இருந்தது. குழாயைக் கையால் தடவிக்கொண்டே தவழ்ந்து போனவர் மூலையில் நின்றார். மேலே சத்தமே இல்லை.

"என்னப்பா?"

"பெட்டி, மாமா."

எங்கள் பெட்டிகள். புதுச்சேரியிலிருந்து ஊறுகாய், மிளகாய்த்தூள், அப்பளம் என்று நிரப்பிக்கொண்டு போன இரண்டு பெரிய சூட்கேஸ். காலி செய்த அன்றைக்கே இடத்தை அடைக்கக் கூடாது என்று பேரனும் நானும் சேர்ந்து பரணில் ஏற்றியது. இருட்டில் குழாய்மேல் வைத்திருக்கிறோம். அந்த வெள்ளிப் பாம்பு நசுங்கித் தட்டையாகப் படுத்திருந்தது. காற்றில் கால்வாசிகூட எங்கள் அறைக்குப் போயிருக்காது. எத்தனை சென்சார் வைத்தாலும் ஒன்றும் அதைச் சொல்லியிருக்காது, அந்தக் குழாயில் சென்சாரே இல்லை.

பெட்டியை நகர்த்தியதும் அன்று மத்தியானமே அறையில் 18. மாப்பிள்ளை டெக்னீஷியனைக் கூப்பிட்டு போர்டு வேண்டாம் என்றார். இரவுக் கணக்கை 16-லிருந்து 18 ஆக்கினார். வெளியே 0 டிகிரிக்குக் கீழே போனால் தவிரக் கம்பியைத் தொடாதே என்று ஒரு பூட்டும் போட்டார். சூட்டைக் கூட்டினால் செலவு கூடும் என்றுதான் நாம் நினைப்போம். அந்த வீட்டில் குறைந்தது. இரவில் குளிரவிட்டுப் பிறகு கம்பியால் ஏற்றுவதைவிட, பம்ப் மெதுவாக ராத்திரி முழுக்க ஓடுவது மலிவு. என் ரெஜிஸ்தரில் கணக்கு இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் குளிரும் தணிந்தது, அதற்குக் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் நாளைக்கு 30 யூனிட்டைத் தாண்டவில்லை.

மகளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்ச் சூடு நீர்ப் பையைக் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முன் மாப்பிள்ளை எங்கள் அறைச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் ஒட்டினார். அது சொல்வது என் போனிலும் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தார். இங்கே வந்த பிறகும் அதை எடுக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்துப் போனைத் திறந்தால் வருகிறது. போன டிசம்பரில் ஒரு நாள் அங்கே மைனஸ் 3 என்று காட்டியது. இங்கே மார்கழி, விசிறியை ஒன்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் ஈசிசேரில் இருந்தபடியே கேட்டாள்.

"நம்ம ரூம்ல எவ்ளோ?"

"பதினெட்டு."

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்குங்க பதினெட்டு? கொறைக்கச் சொல்லுங்க."